கார் சாவி கருவறைக்குள்ள இருக்கு

போன ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில ஒரு சேலையை வாங்கிட்டு, அதைக் கிள்ளானுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கணும்.

சும்மா சேலை இல்ல. எங்க அக்கா மகன் கவினுக்கு அன்னிக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீடு கிள்ளான்ல. மாப்பிள்ளை வீட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டுத்தான் பொண்ணு சபைக்கு வரணும். அளவெடுத்துத் தைச்ச ரவிக்கையும் அதே பையில. நான் தாய்மாமன். தாய்மாமன் கையாலதான் சேலை வரணும்னு அக்காவுக்கு ஆசை.

ராகுகாலம் தொடங்குறதுக்கு முன்னாடி சேலை தட்டுல இருக்கணும். காலையிலேயே கிளம்புனா நேரம் தாராளமா இருக்கு. யார்கிட்ட கொடுத்திருந்தாலும் ஒழுங்கா முடிச்சிருப்பாங்க.

என்கிட்ட கொடுத்தாங்க.

இந்த இடத்துல என் புதுக் காரைப் பத்திச் சொல்லியாகணும். மின்சாரக் கார். எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதுக்குச் சாவின்னு ஒண்ணு கிடையாது. போன்தான் சாவி. போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் பக்கத்துல போனா கதவு தானா திறக்கும். தள்ளிப் போனா தானா பூட்டிக்கும்.

அதை வச்சு நான் பண்ண அலப்பறை கொஞ்சநஞ்சமில்ல. பங்சார்ல எங்க ஆபீஸ் கார் பார்க்ல எல்லாரும் பையைக் கிளறிச் சாவி தேடிக்கிட்டு நிப்பாங்க. நான் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு நடந்து போவேன். கதவு டிக்குன்னு திறக்கும். யாராவது பார்த்தாங்களான்னு ஓரக்கண்ணால பார்ப்பேன். யாரும் பார்க்கலன்னா, தூண் வரைக்கும் திரும்பிப் போயி, அது பூட்டிக்கிற வரைக்கும் நின்னு, மறுபடியும் முதல்ல இருந்து நடந்து வருவேன்.

போன் இல்லாத சமயத்துக்கு ஆகும்னு ஒரு கார்டும் கொடுத்தாங்க. பேங்க் கார்டு மாதிரி மெல்லிசா, ஓரத்துல ஒரு ஓட்டையோட இருக்கும். கதவுல வச்சா திறக்கும். எப்பவும் பர்ஸ்லேயே வச்சுக்கச் சொன்னாங்க. நான் பர்ஸ் வச்சுக்கிறதையே விட்டாச்சு. காசு, லைசென்ஸ், டிக்கெட் எல்லாம் போன்லதான். அதனால கார்டு தொலைஞ்சு போகாத இடமா யோசிச்சு ஒரு இடத்துல பத்திரமா வச்சேன்.

காருக்குள்ள, டேஷ்போர்டுல.

என் மனைவி தேவி அதைப் பார்த்துட்டு, "ஏங்க, கார் பூட்டிக்கிச்சுன்னா கார்டை எப்படி எடுப்பீங்க?"ன்னு கேட்டா. போன் இருக்கே, திறந்து எடுப்பேன்னு சொன்னேன். போன் இருந்தா கார்டு எதுக்குன்னு கேட்டா. டெக்னாலஜி தெரியாதவங்ககிட்ட இதெல்லாம் பேச முடியாதுன்னு சொல்லிட்டு நான் பேச்சை மாத்திட்டேன்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வரேன்.

தையல் கடையில ஒரு பிரச்சனையும் இல்ல. பையை வாங்குனோம், பின் சீட்ல வச்சோம். நேரா ஃபெடரல் ஹைவேல ஏறி இருந்தா இந்தக் கதையே கிடையாது. ஆனா தேவி செராஸ்ல வீட்டை விட்டு இறங்குறப்பவே கண்டிஷன் போட்டுட்டா. பூஜை போடாத கார்ல நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. போற வழியில அம்மன் கோயில்ல பூஜையைப் போட்டுட்டுத்தான் கிள்ளான்.

எனக்கும் சம்மதம்தான். மாலை போட்ட புதுக் கார்ல பொண்ணு வீட்டு வாசல்ல போய் இறங்கணும்னு உள்ளூர ஒரு ஆசை.

கோயிலுக்குப் பக்கவாட்டுல ஒரு சந்து. வண்டி பூஜை எல்லாம் அங்கதான் நடக்கும். சந்தோட அந்தக் கடைசி அடைப்பு. சந்து வாசல்ல ஒரு பூக்கடை. எங்களுக்கு முன்னாடியே ஒரு லோரி உள்ள நின்னுச்சு. புதுசா பெயின்ட் அடிச்சு, முன்னாடி பெரிய ரோஜா மாலை போட்டிருந்தாங்க. நான் அதுக்கு முன்னால, பூக்கடையை ஒட்டிக் காரை நிறுத்துனேன். பூக்கடை ஆன்டி எட்டிப் பார்த்து, ஆளுங்க கடைக்கு வர வழியை மறைக்காதேன்னு சொன்னாங்க. ரெண்டே நிமிஷம் ஆன்டின்னு சொன்னேன்.

தேவி கைப்பையைச் சீட்லேயே வச்சுட்டு, பூஜைத் தட்டை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்குனா. அவ போனும் அந்தக் கைப்பையிலதான். அவளுக்கும் ரெண்டே நிமிஷம்னுதான் சொல்லியிருந்தேன்.

குருக்கள் லோரிக்கும் காருக்கும் சேர்த்தே பூஜையை முடிச்சாரு. சந்தனம், குங்குமம், மாலை, தேங்காய், கற்பூரம். நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. அம்மன் பாதத்துல சாவியை வச்சு எடுத்துட்டு வந்து, பழத்து மேல வண்டியை ஏத்தி வெளிய எடுக்கணும். அவ்வளவுதான் பாக்கி.

குருக்கள் தட்டை நீட்டுனாரு. லோரிக்காரர் ஒரு கொத்துச் சாவியைப் போட்டாரு. தட்டே ஒரு பக்கமா சாஞ்சுச்சு. நான் போனை எடுத்து, கொஞ்சம் ஸ்டைலா, பூ மேல வச்சேன்.

குருக்கள் போனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "இதுல சாவி எங்க சார் இருக்கு?"

"இதான் சாவி, சாமி."

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனா நான் யாரு. கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, புளூடூத் எப்படி வேலை செய்யுதுன்னு அவருக்கு நின்னு விளக்குனேன். பின்னாடி லோரிக்காரரும் கவனமா கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவர் பேரு முத்து, ஊரு ஜெஞ்சாரோம், காய்கறி ஏத்துறவரு. கடைசியில அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாரு. போன் தொலைஞ்சா என்ன பாஸ் செய்வீங்கன்னு. நம்ம போனை நாம ஏன் தொலைக்கப் போறோம்னு சிரிச்சேன்.

குருக்கள் லோரிச் சாவிக்கு வச்ச மாதிரியே என் போனுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, உள்ள எடுத்துட்டுப் போனாரு. அவர் கருவறைக்குள்ள நுழைஞ்ச அந்த நேரம் வெளிய என் கார் டிக்குன்னு பூட்டிக்கிச்சு. எவ்வளவு பொறுப்பான கார்னு நான் பெருமைப்பட்டேன்.

அர்ச்சனை முடிஞ்சுச்சு. லோரிச் சாவி திரும்பி வந்துச்சு. என் போனையும் கையில எடுத்தாரு. அப்பதான் என் வாய் சும்மா இருக்காம, மதியப் பூஜை முடியுற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் சாமின்னு சொல்லிடுச்சு. பெரிய தீபாராதனை நடக்கும்போது அம்மன் பாதத்துல இருந்தா ஆசீர்வாதம் இன்னும் நல்லா ஏறுமேன்னு ஒரு பேராசை. ராத்திரி பூரா சார்ஜ்ல போடற புத்தி, கோயில்லயும் போகல.

தேவி என்னை முறைச்சா. குருக்கள் சரின்னுட்டாரு.

மதியப் பூஜை நல்லபடியா முடிஞ்சுச்சு. உடனே பக்கத்து மண்டபத்துல அன்னதானம்னு கூப்பிட்டாங்க. போனை வாங்கிட்டுச் சாப்பிடப் போகலாம்னு தேவி சொன்னா. குருக்களைச் சுத்தி ஒரே கூட்டம். சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கலாம், இப்போ எலை போடறாங்கன்னு நான் சொன்னேன். முத்து அண்ணனும் எங்க பக்கத்துலயே உட்கார்ந்தாரு. சாம்பார், அப்பளம், பாயாசம். பாயாசம் ரெண்டாவது தடவை வந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்திருச்சிருக்கலாம். நான் சொல்லல.

கை கழுவிட்டு வந்து பார்த்தா கோயில் அமைதியா இருந்துச்சு. கருவறைக் கதவு சாத்தியிருந்துச்சு. அதுல ஒரு பூட்டு தொங்குச்சு. என் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய இரும்புப் பூட்டு.

எனக்கு உடனே புரியல. போனை எடுத்துக் குருக்களுக்குக் கூப்பிடலாம்னு பாக்கெட்டைத் தடவுனேன்.

பூக்கடை ஆன்டிதான் சொன்னாங்க. குருக்கள் நடையைச் சாத்திட்டுப் பின்னாடி ரூமுக்குத் தூங்கப் போயாச்சு, இனி சாயங்காலம்தான்னு. சாயங்காலம்னா ராகுகாலமெல்லாம் முடிஞ்சு, பொண்ணு வீட்ல பாத்திரம் கழுவுற நேரம்.

ஓடிப் போயி குருக்கள் ரூம் ஜன்னலைத் தட்டுனேன். அவர் பாதித் தூக்கத்துல எழுந்து வந்தாரு. அவரும் பாவம், விடிகாலையில இருந்து நிக்கிறவரு. போனை மறந்துட்டேன் சார்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. ஆனா கதவைத் திறக்க முடியாதுன்னுட்டாரு.

"நடை சாத்துனா சாத்துனதுதான் சார். இடையில திறக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது. அம்மனா பார்த்துத் திறன்னு சொன்னாத்தான் உண்டு."

நான் கெஞ்சுனேன். சேலை, அக்கா, ராகுகாலம் எல்லாத்தையும் சொன்னேன். ஜன்னல் மெதுவா மூடிக்கிச்சு.

சந்துக்குத் திரும்பி வந்தேன். கார் எலுமிச்சம்பழத்து மேல மாலையும் கழுத்துமா நிக்குது. கண்ணாடி வழியா பின் சீட்ல சேலைப் பை நல்லா தெரியுது. முன் சீட்ல தேவியோட கைப்பை. டேஷ்போர்டுக்குள்ள கார்டு. எல்லாமே கை நீட்டுனா எட்டுற தூரம். தேவி அந்தக் கண்ணாடியில முகத்தை வச்சு உள்ள பார்த்துக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை பேசல. கல்யாணமானவங்களுக்குத் தெரியும், திட்டுனா பிழைச்சுக்கலாம், பேசாம இருந்தாத்தான் ஆபத்து.

அந்த நேரம் எனக்கு நெஜமாவே பயம் வந்துருச்சு. அக்கா மூணு மாசமா அலைஞ்சு தேடுன சேலை அது. பொண்ணு வேற ஏதோ ஒரு சேலையில வந்து உட்கார்ந்தா, அந்த போட்டோ காலத்துக்கும் அக்கா வீட்டுச் சுவத்துல தொங்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் என் ஞாபகம் வரும்.

முத்து அண்ணனுக்கும் அப்பதான் விஷயம் விளங்குச்சு. என் கார் நகராம அவர் லோரி வெளிய வர முடியாது. சாயங்காலம் பாசார் மாலாமுக்கு, அதான் ராத்திரிச் சந்தைக்கு, சாமான் ஏத்தணும். கோவப்படுவாருன்னு நினைச்சேன். அவர் தன்னோட போனை எடுத்து நீட்டி, வீட்டு ஆளுங்க யாருக்காவது போன் போடுங்க பாஸ்னு சொன்னாரு. நல்ல மனுஷன்.

வாங்குனேன். யார் நம்பரைப் போடறது? அக்கா நம்பர் ஞாபகம் இல்ல. கவின் நம்பர் ஞாபகம் இல்ல. தேவியைக் கேட்டா, அவளுக்கு அவங்க அம்மா வீட்டுப் பழைய வீட்டு போன் நம்பர் மட்டும்தான் தெரியும். அந்த லைனை வெட்டி பல வருஷம் ஆச்சு.

சரி, கார் ஆப்பை முத்து அண்ணன் போன்ல இறக்கி, அதுல இருந்து திறக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. இறக்குனோம். பாஸ்வேர்டு கூட எப்படியோ ஞாபகம் வந்துருச்சு. உங்க பாதுகாப்புக்காக உங்க போனுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்கன்னு வந்துச்சு. கோட் போயிருக்கும். நேரா அம்மன் பாதத்துக்குப் போயிருக்கும்.

கஸ்டமர் சர்வீசுக்குக் கூப்பிட்டோம். ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுச்சு. காரைத் தூரத்துல இருந்தே திறந்து விட முடியும், ஆனா நீங்கதான் ஓனர்னு உறுதிப்படுத்த, உங்க போன்ல ஒரு மெசேஜ் வரும், அதுல ஓகே அழுத்துங்கன்னு சொல்லுச்சு. போன் என்கிட்ட இல்லம்மான்னேன். எங்க இருக்குன்னு கேட்டுச்சு. கோயிலுக்குள்ள, சாமிகிட்ட இருக்குன்னேன். அப்படின்னா அவங்களை அழுத்தச் சொல்ல முடியுமா சார்னு கேட்டுச்சு. நான் போனை வச்சுட்டேன்.

முத்து அண்ணன் லோரியில ஏறி, ஜாக் கம்பியை எடுத்துக்கிட்டு இறங்கி வந்தாரு. கண்ணுல ஒரு உற்சாகம். "சின்னக் கண்ணாடிதான் பாஸ். ஒரே தட்டு. அப்புறம் மாத்திக்கலாம் லா."

நான் காருக்குக் குறுக்க போய் நின்னேன். பூஜை போட்ட அன்னிக்கே, மாலை கூட வாடல, கண்ணாடியை உடைக்கிறதா? தேவியைப் பார்த்தேன். அவ கடைசியா வாயைத் திறந்தா.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அதுக்குள்ள நீங்க திறக்கல, அண்ணனை உடைக்கச் சொல்லிடுவேன். எனக்குச் சேலைதான் முக்கியம்."

என்ன செய்யறதுன்னு தெரியாம கோயில் வாசலுக்கு ஓடி, எனக்கு ஞாபகம் இருந்த ஒரே நம்பரை முத்து அண்ணன் போன்ல அழுத்துனேன். என் நம்பர்தான். ஏன்னு கேட்காதீங்க. தண்ணியில முங்குறவன் கையில கிடைச்சதை எல்லாம் பிடிப்பான்.

உள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

என் ரிங்டோன் என்னன்னு இன்னும் சொல்லல இல்ல. உறுமி மேளம். போன தைப்பூசத்துல நானே பதிவு பண்ணது. அதுவும் போன் பித்தளைத் தட்டுல இருக்கு. மேளத்தோட சேர்ந்து தட்டும் தடதடன்னு அதிருது. பூட்டுன கருவறைக்குள்ள இருந்து, குருக்களே இல்லாத நேரத்துல, உறுமிச் சத்தம் உயர உயர வருது.

வெளிப் பிரகாரத்துல சும்மா உட்கார்ந்திருந்த நாலு பேர் எழுந்து நின்னாங்க. வாசல்ல நின்ன ஒரு அங்கிள் செருப்பைக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அன்னதானம் முடிச்சு வெளிய வந்தவங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. உள்ள யாரும் இல்லையே, கதவு பூட்டியிருக்கேன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

நான் போனை கட் பண்ணேன். சத்தம் நின்னுச்சு. ஐயோ, அது என் போன்னு சொல்லிடலாம்னு ரெண்டடி முன்னால வச்சேன். அதுக்குள்ள அங்கிள் சத்தமா, "தாயே"ன்னு ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? என் தைரியம் அந்த இடத்துலயே முடிஞ்சு போச்சு.

தேவி என் காதுகிட்ட வந்தா. நிறுத்தச் சொல்லப் போறாள்னு நினைச்சேன்.

"எதுக்கு நிறுத்துனீங்க? அடிங்க."

இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்ச தேவி இல்ல அது. நான் போனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னாலயே வந்திருந்த முத்து அண்ணன் என் கையில இருந்த போனைப் பிடுங்கி, முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, அவரே அழுத்துனாரு. மறுபடியும் உறுமி.

அப்பதான் பூக்கடை ஆன்டி கடையை விட்டு வெளிய வந்தாங்க. மெதுவாத்தான் வந்தாங்க. கருவறைக்கு நேரா வந்து நின்னாங்க. தோள் லேசா ஆடுச்சு. தலை சுத்துச்சு. கொண்டை அவுந்துச்சு. அடுத்த நிமிஷம் ஆன்டி முழுசா அருள் வந்து ஆட ஆரம்பிச்சாங்க.

யாரோ மஞ்சத் தண்ணி கொண்டு ஓடியாந்தாங்க. யாரோ வேப்பிலை ஒடிச்சுக் கொடுத்தாங்க. கோயில் முன்னாடி இப்போ ஒரு பெரிய கூட்டம். சத்தம் கேட்டுக் குருக்கள் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டே ஓடி வந்தாரு. ஆன்டியைப் பார்த்தாரு. பூட்டைப் பார்த்தாரு. அப்புறம் கூட்டத்துக்குள்ள என்னைத் தேடிக் கண்டுபிடிச்சு ஒரு பார்வை பார்த்தாரு. நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அங்கிள் பயபக்தியா ஆன்டிகிட்ட கேட்டாரு, என்ன குறை தாயின்னு.

"என் பாதத்துல பாரம் இருக்கு. நடையைத் திற!"

கூட்டம் மொத்தமும் குருக்கள் பக்கம் திரும்புச்சு. பாவம் மனுஷன், முகத்துல வேர்வை. அது ஒண்ணும் இல்ல, ஒருத்தரோட போன் உள்ள இருக்குன்னு சொல்ல வாயைத் திறந்தாரு. முத்து அண்ணன் பயந்து போயி போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டு, ரெண்டு வெறுங்கையையும் முன்னால கொண்டு வந்து கும்பிட்டுக்கிட்டாரு.

உறுமி மறுபடியும் அடிச்சுச்சு.

நான் முத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரு. "நான் அடிக்கல பாஸ்"னு உதட்டை மட்டும் அசைச்சாரு. எனக்கு முதுகுத்தண்டு வரைக்கும் சில்லுன்னு ஆயிருச்சு. என் ரிங்டோன், என் போன், வச்சதே நான்தான். எல்லாம் தெரிஞ்சும் அந்த நிமிஷம் நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

குருக்கள் இடுப்புல இருந்து ஒரு முழ நீளச் சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து உள்ள போனாரு. மேளம் நின்னுச்சு. தண்ணி தெளிச்சு, மணி அடிச்சு, ஒரு தீபம் காட்டிட்டு, துண்டு போட்டு மூடுன ஒரு தட்டோட வெளிய வந்தாரு. கூட்டம் ஒதுங்கி வழி விட்டுச்சு. ரெண்டு பேர் அந்தத் தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நேரா என்கிட்ட வந்து, துண்டோட சேர்த்துத் தட்டைக் கையில கொடுத்தாரு. எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஏதோ நான் பெரிய புண்ணியம் பண்ணவன் மாதிரி.

குருக்கள் குனிஞ்சு மெதுவா சொன்னாரு. "அடுத்த தடவை வாங்குறப்ப, சாவி உள்ள காரா பார்த்து வாங்குங்க சார்."

துண்டுக்கு அடியில பார்த்தேன். திரை முழுக்கச் சந்தனம். அதைத் துடைச்சா, பூஜைச் சத்தத்துல கேட்காம போனதும் சேர்த்து, அக்கா கூப்பிட்டது, அக்கா கூப்பிட்டது, அக்கா கூப்பிட்டதுன்னு வரிசையா நிக்குது. கடைசியா அடிச்ச மேளம் யாரு அடிச்சதுன்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. முதல் நாள் ராத்திரி மட்டும் சார்ஜ் போட மறந்திருந்தேன், பேட்டரி சிவப்புல கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. இவ்வளவு நேரம் அதிர்ந்ததுல மிச்சமிருந்த உயிரும் போகப் போகுது.

ஓடுனேன். தட்டோட ஓடுனேன். என் வாழ்க்கையில தட்டு ஏந்தி ஓடுனது அதுதான் முதல் தடவை. காருக்கு நாலு எட்டு இருக்கும்போது டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. தேவி என்னைத் தாண்டிப் பாய்ஞ்சு கதவை இழுத்துத் திறந்து, ஒரு காலை உள்ள வச்சு மறிச்சுக்கிட்டா. அடுத்த நொடி போன் கருப்பாயிருச்சு. அவ டேஷ்போர்டைத் திறந்து கார்டை எடுத்தா. என்கிட்ட கொடுக்கல.

எலுமிச்சம்பழத்து மேல காரை ஏத்தி மெதுவா வெளிய எடுத்தேன். முத்து அண்ணன் பின்னாலயே லோரியை எடுத்துக்கிட்டு, ஹாரன் அடிச்சு வழியனுப்புனாரு. ஜாக் கம்பியை உபயோகிக்க முடியலேன்னு அவருக்கு லேசா ஒரு வருத்தம் இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு.

பூக்கடை வாசல்ல ஆன்டி ஸ்டூல்ல உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக்கிட்டு, கொண்டையைத் திரும்ப முடிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு மனசு கேட்கல. கண்ணாடியை இறக்கி, உடம்பு எப்படி இருக்கு ஆன்டின்னு பயபக்தியா கேட்டேன்.

"உடம்புக்கு என்ன தம்பி. ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு மத்தியானம் பூரா கடையை மறைச்சுட்டே. ஒரு முழம் பூ விக்கல. இதை விட்டா உன்னை எப்படித்தான் கிளப்புறது?" அப்படின்னு சொல்லிட்டு, முட்டியைத் தேய்ச்சுக்கிட்டாங்க.

நானும் தேவியும் ஃபெடரல் ஹைவேல ஏறுனோம். சுபாங் தாண்டுறப்ப அவ திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சா. கிள்ளான் பாலம் வர வரைக்கும் நிறுத்தல.

பொண்ணு வீட்டு வாசல்லயே அக்கா நின்னுக்கிட்டு இருந்துச்சு. என் முகத்தைப் பார்க்கல, காரைப் பார்க்கல, மாலையைப் பார்க்கல. பையை மட்டும் பிடுங்கிக்கிட்டு உள்ள ஓடுச்சு. ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு சபைக்கு வந்து நின்னுச்சு. கவின் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்துட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உண்மையாத்தான் சொல்றேன். அந்த ஒரு பார்வைக்காக நான் இன்னும் ரெண்டு கோயில்ல கூட அசிங்கப்படுவேன்.

தட்டு மாத்தி முடிஞ்சு, எல்லாரும் நிம்மதியா பலகாரம் சாப்பிட உட்கார்ந்தப்ப, போனை ஏன் எடுக்கலன்னு அக்கா கேட்டுச்சு. டிராஃபிக்னு நான் சொன்னேன். தேவி ஆரம்பத்துல இருந்து சொன்னா. பாயாசத்தையும் விடல. பொண்ணோட அப்பா சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, ரெண்டு பேர் முதுகைத் தட்ட வேண்டியதாச்சு. சம்பந்தி வீட்ல எனக்கிருந்த மரியாதை அந்த ஒரு புரையோட போச்சு.

அப்புறம் அந்தக் கார்டு இனிமே யார்கிட்ட இருக்கணும்னு சபையில ஒரு பேச்சு வந்துச்சு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. தேவி முடிவாச் சொன்னா, அது இவர் உடம்புலயே இருக்கணும், ஆனா இவரால கழட்டி வைக்க முடியாத மாதிரி இருக்கணும்னு. தாம்பூலத் தட்டுல இருந்து ஒரு மஞ்சக் கயித்தை எடுத்தா. கார்டு ஓட்டையில கோர்த்தா. என் முன்னால வந்து நின்னு, என் கழுத்தைச் சுத்திப் போட்டு முதல் முடிச்சுப் போட்டா. மிச்ச ரெண்டு முடிச்சையும், முறைப்படி அவளோட நாத்தனார், அதான் எங்க அக்கா, பின்னால வந்து இறுக்கிப் போட்டுச்சு. அட்சதை மிச்சம் இருந்துச்சு, சபை மொத்தமும் எடுத்துத் தூவுச்சு.

அன்னிக்கு நிச்சயம் ஆனது கவினுக்கு. தாலி ஏறுனது எனக்கு.